வில்கீ நோயும் குன்னூர் உணவாய்வும்: மெலிவால் குடல் அடைபடும் ஒரு நோயின் வரலாறு

வில்கீ நோய் என்பது, உடல் கடுமையாக மெலியும்போது முன்சிறுகுடலின் ஒரு பகுதி இரண்டு பெரிய இரத்தக் குழாய்களுக்கு இடையில் நசுங்கி, உண்ட உணவு கீழே இறங்காமல் தடைப்படும் அரிய நோயாகும். மருத்துவர்கள் இதை 'சுப்பீரியர் மெசென்டெரிக் ஆர்ட்டரி சிண்ட்ரோம்' என்று அழைக்கின்றனர். தமிழில் மேல் குடல்தாங்கித் தமனி நோய் எனலாம். எடின்பரோ நகர அறுவை மருத்துவர் டேவிட் வில்கீ 1921இல் இதைப் பற்றி விரிவாக எழுதியதால் அவர் பெயராலும் வழங்குகிறது.

அதே 1921இல், நீலகிரி மாவட்டம் குன்னூரில் நடந்த ஆய்வுகளைக் கொண்டு ராபர்ட் மெக்காரிசன் என்பவர் எழுதிய நூல் ஒன்று வெளிவந்தது. உணவுக் குறைபாடு உடலை, குறிப்பாகக் குடலை, என்ன செய்கிறது என்பதே அந்நூலின் பொருள். ஒருவர் குடல் அடைபடுவதைப் பார்த்தார், மற்றவர் உணவு குறைந்தால் குடல் என்னவாகிறது என்று பார்த்தார். இந்நோயின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இரண்டு பாதைகளும் தேவைப்படுகின்றன.

படத்தில் தெரியாத இடுக்கு

பள்ளிப் பாடநூலில் உள்ள செரிமான மண்டலப் படத்தை எல்லோரும் வரைந்திருப்போம். உணவுக்குழல், இரைப்பை, 'ப' எழுத்தைச் சாய்த்து வைத்தது போன்ற முன்சிறுகுடல், பிறகு சுருள் சுருளாகச் சிறுகுடல். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையில் இந்தப் படத்தை வரைந்தவன் நான். அது முன்பக்கத்திலிருந்து மட்டும் பார்த்து வரைந்த தட்டையான படம். பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால்தான் இந்த நோய்க்கான இடம் தெரியும்.

முதுகெலும்பை ஒட்டி, அதன் முன்னால், உடலின் மிகப் பெரிய தமனியான பெருந்தமனி கீழ்நோக்கி இறங்குகிறது. கணையத்துக்குப் பின்னால், முதல் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில், அதிலிருந்து மேல் குடல்தாங்கித் தமனி கிளைக்கிறது. சிறுகுடலுக்கும் பெருங்குடலின் முதற்பாதிக்கும் இரத்தம் கொண்டுபோவது இந்தத் தமனிதான். இது முன்னும் கீழுமாகச் சாய்ந்து இறங்குவதால் இரண்டு தமனிகளுக்கும் இடையில் கவிழ்த்துப் போட்ட 'வி' வடிவ இடுக்கு ஒன்று உண்டாகிறது. மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு அளவில் முன்சிறுகுடலின் மூன்றாம் பகுதி வலமிருந்து இடமாக இந்த இடுக்கின் வழியே கடந்து போகிறது.

சாதாரண உடல்நிலையில் இந்த இரண்டு தமனிகளுக்கும் இடையிலான கோணம் சுமார் 38 முதல் 65 பாகை வரையும், குடல் கடக்கும் இடத்தில் இடைவெளி 10 முதல் 28 மில்லிமீட்டர் வரையும் இருக்கும். அந்த இடைவெளியை விரித்து வைத்திருப்பது அங்கே மெத்தைபோல் படிந்திருக்கும் கொழுப்பு. கொழுப்பு என்றாலே வேண்டாத பொருள் என்று நினைக்கும் காலம் இது. ஆனால் சிறுநீரகத்தைத் தாங்குவதும், கண்விழியைக் குழியில் நிறுத்துவதும், இந்த இடுக்கைத் திறந்து வைப்பதும் கொழுப்புதான்.

உடல் பட்டினி கிடக்கும்போது சேமிப்பில் உள்ள கொழுப்பை எடுத்து எரிக்கிறது. தொடையிலிருந்தும் வயிற்றிலிருந்தும் எடுப்பதைப் போலவே இந்த மெத்தையிலிருந்தும் எடுக்கிறது. மெத்தை கரைந்ததும் முன்பக்கத் தமனி பின்னால் சாய்கிறது. கோணம் 25 பாகைக்கும் கீழே, இடைவெளி 8 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விட்டால், பாக்குவெட்டியின் இரு கைகளுக்கு நடுவில் பாக்கு அகப்பட்டது போலக் குடல் அகப்படுகிறது. அதே இடுக்கின் வழியே செல்லும் இடது சிறுநீரகச் சிரை நசுங்குவதையும் மருத்துவர்கள் பாக்குவெட்டி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாலேயே குறிப்பிடுகிறார்கள்.

பிறகு தொடங்குவது ஒரு சுழல். சாப்பிட்டதும் மேல்வயிற்றில் வலி, சில கவளங்களிலேயே வயிறு நிறைந்த உணர்வு, பித்தநீர் கலந்த வாந்தி. சாப்பிட்டால் வலிப்பதால் நோயாளி சாப்பிடப் பயப்படுகிறார். சாப்பிடாததால் மேலும் மெலிகிறார். மெலிந்ததால் இடுக்கு மேலும் இறுகுகிறது. மெலிவு அடைப்புக்குக் காரணமா, அடைப்பு மெலிவுக்குக் காரணமா என்று பிரித்தறிவது மருத்துவருக்கே கடினமாகிவிடுகிறது.

இந்நோயில் கவனிக்க வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. மல்லாந்து படுத்தால் வலி கூடும். குப்புறப் படுத்தாலோ, இடப்பக்கம் ஒருக்களித்தாலோ, முழங்காலை மார்போடு சேர்த்து மடக்கினாலோ வலி குறையும். குப்புறப் படுக்கும்போது தமனி முதுகெலும்பிலிருந்து விலகி முன்னால் தொங்குவதால் இடுக்கு சற்றுத் திறக்கிறது. மதிய உணவு முடிந்ததும் மேசையில் வயிறு அழுந்தக் கவிழ்ந்து கிடந்த மெலிந்த பிள்ளைகளை "தூங்குமூஞ்சி" என்று அதட்டி எழுப்பிய ஆசிரியர்களில் நானும் ஒருவன். அவர்களில் யாருக்கும் இந்த நோய் இருந்தது என்று சொல்ல வரவில்லை. "எப்படிப் படுத்தால் வலி குறைகிறது?" என்ற ஒரு கேள்வியைக் கேட்க அன்று எனக்குத் தெரியவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

வியன்னாவிலிருந்து எடின்பரோவுக்கு

இந்த அடைப்பை முதலில் எழுத்தில் பதிவு செய்தவர் வியன்னாவின் நோய்க்குறியியல் பேராசிரியர் கார்ல் ஃபொன் ரோக்கிட்டான்ஸ்கி. தம் வாழ்நாளில் ஏறக்குறைய 30,000 பிணக்கூறாய்வுகளைச் செய்தவராகப் புகழ்பெற்றவர் அவர். பெரும்பாலான மருத்துவ நூல்கள் 1842ஆம் ஆண்டைக் குறிக்கின்றன, 1861 என்று குறிப்பவையும் உண்டு. அவருடைய நோய்க்குறியியல் பெருநூல் திருத்தப் பதிப்புகள் கண்டதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். அவர் பார்த்தது இறந்தவர் உடலில். உயிரோடு இருக்கும் நோயாளியிடம் இதைக் கண்டுபிடிக்க அன்று வழியில்லை.

1878இல் லண்டனில் ஆல்ஃபிரட் வில்லெட் என்ற அறுவை மருத்துவர் ஒரு துயரச் செய்தியை வெளியிட்டார். முதுகெலும்பு வளைந்த நோயாளி ஒருவருக்கு உடலைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டார்கள். நோயாளி ஓயாமல் வாந்தி எடுத்து இறந்துபோனார். முதுகெலும்பை நிமிர்த்தி இறுக்கும்போது அதன் முன்னால் உள்ள இடுக்கும் குறுகுகிறது என்பது பின்னாளில் புரிந்தது. 1950இல் இதற்கு 'மாவுக்கட்டு நோய்' என்று பொருள்படும் பெயரே வந்துவிட்டது. இன்றும் முதுகு வளைவுக்கு அறுவை செய்துகொண்ட வளரிளம் பருவத்தினர் தொடர்ந்து வாந்தி எடுத்தால் மருத்துவர்கள் முதலில் இதை நினைப்பது வில்லெட் விட்டுச்சென்ற பாடத்தால்தான்.

அடைபட்ட இடத்தைத் தொடாமல், அதற்கு மேலே விரிந்து கிடக்கும் முன்சிறுகுடலை இடைச்சிறுகுடலோடு நேரே இணைத்துவிடலாம் என்று 1907இல் அமெரிக்கரான பிளட்குட் யோசனை சொன்னார். அடுத்த ஆண்டே ஸ்டேவ்லி என்பவர் அதைச் செய்து பார்த்தார். அடைப்பட்ட சாலைக்குப் புறவழிச்சாலை போடுவது போன்ற இந்த முறை இன்றளவும் வழக்கில் உள்ளது.

டேவிட் வில்கீ 1882இல் ஸ்காட்லாந்தின் கிரிமூர் என்ற ஊரில் பிறந்தவர். 'நாட்பட்ட முன்சிறுகுடல் அடைப்பு' என்று பொருள்படும் தலைப்பில் 1921இல் பிரித்தானிய அறுவை மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். 1924இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவப் பேராசிரியரானார். 1927இல் 75 நோயாளிகளைப் பற்றிய விரிவான கட்டுரையை வெளியிட்டார். ஒன்றிரண்டு நோயாளிகளைப் பற்றிய துண்டுச் செய்திகளாக இருந்த ஒரு நோய்க்கு அதன் பிறகே முழு உருவம் கிடைத்தது. வில்கீ 1938இல் மறைந்தார்.

ஆனால் அந்தக் காலத்தின் சூழலையும் சொல்ல வேண்டும். வயிற்றுறுப்புகள் இறங்கித் தொங்குவதுதான் பல நோய்களுக்கும் மூலம் என்ற எண்ணம் அப்போது மேலோங்கியிருந்தது. லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற பெயர்பெற்ற அறுவை மருத்துவர் மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார். அந்த அலையில் முன்சிறுகுடல் அடைப்பும் அளவுக்கு மீறிக் கண்டுபிடிக்கப்பட்டு, தேவையற்ற அறுவைகளும் நடந்தன. விளைவு என்னவென்றால், அலை ஓய்ந்தபின் அடுத்த தலைமுறை மருத்துவர்களில் பலர் இப்படி ஒரு நோயே இல்லை என்ற பக்கத்துக்குச் சாய்ந்தார்கள். ஒரு நோயை எல்லோரிடமும் பார்ப்பதால் உண்டாகும் கேட்டைப் பெரும்பாலும் உண்மையாகவே அந்த நோய் உள்ளவர்தான் சுமக்கிறார். வாந்தி எடுக்கும் மெலிந்த இளம்பெண்களிடம் "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லி அனுப்பும் வழக்கத்துக்கு இந்த அவநம்பிக்கையும் ஒரு காரணம் என்பது என் கருத்து. லேன் பிற்காலத்தில் கத்தியைவிட உணவே முக்கியம் என்ற முடிவுக்கு வந்து, 1925இல் அதற்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

குன்னூரின் ஓர் அறை

குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்கு அருகே சிவப்பு நிறத்தில் நிற்கும் பாஸ்டர் நிறுவனத்தை மலைக்கு வருபவர்கள் பார்த்திருப்பார்கள். 1907இல் வெறிநாய்க்கடி மருத்துவத்துக்காகத் தொடங்கப்பட்டது அது. அங்கே 1918இல் ஓர் அறை ஆய்வகத்தில், அன்று பெரிபெரி என்ற நோயை ஆராயும் பணியை ராபர்ட் மெக்காரிசன் தொடங்கினார்.

மெக்காரிசன் அயர்லாந்தின் போர்ட்டடவுனில் 1878இல் பிறந்தவர். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, முதலில் வடமேற்கு எல்லையில் கில்கிட் பகுதியில் சில ஆண்டுகள் பணிபுரிந்தார். குன்னூரில் அவர் செய்த வேலை அன்றைக்குப் புதுமையானது. புறாக்கள், எலிகள், குரங்குகள் ஆகியவற்றுக்குச் சத்துக்குறைந்த உணவைக் கொடுத்து, ஒவ்வோர் உறுப்பாக எடுத்து எடைபோட்டு, நுண்ணோக்கியில் பார்த்துக் குறித்துவைத்தார். பற்றாக்குறை உணவு என்றால் பெரிபெரி, ஸ்கர்வி போன்ற பெயருள்ள நோய்களை மட்டுமே நினைத்த காலத்தில், அந்தப் பெயர்கள் எட்டும் முன்பே உடல் முழுவதும் பழுதாகத் தொடங்கிவிடுகிறது என்று காட்டியது அவருடைய பெரும்பணி.

அதில் முதன்மையாகப் பழுதாவது குடல் என்றார். குடலின் உட்சவ்வில் அழற்சியும் அழுகலும், செரிமான நீர்கள் குறைதல், குடலை அசைக்கும் தசைகளும் நரம்புகளும் நலிதல் ஆகியவற்றைக் கண்டார். அசைக்கும் ஆற்றல் நலிவதால் இரைப்பை விரிந்து தொங்கிவிடுகிறது, குடலின் சில பகுதிகள் ஊதிப்போகின்றன, குடலுக்குள் குடல் செருகிக்கொள்வதற்கும் இதுவே காரணமாகலாம் என்று 1921 நவம்பரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவில் விளக்கினார். குன்னூர்க் கூண்டுகளில் கண்டதும், கில்கிட் பக்கத்து ஹுன்ஸா மக்களிடம் வயிற்று நோய்கள் அரிதாக இருந்ததாக அவர் கருதியதும் அந்தச் சொற்பொழிவில் இடம்பெற்றன. ஹுன்ஸா பற்றிய அவருடைய பேச்சைப் பிற்காலத்தில் சிலர் ஊதிப் பெருக்கி, நூற்றைம்பது வயது வாழும் மக்கள் என்றெல்லாம் கதை கட்டினார்கள். அதற்கு மெக்காரிசன் பொறுப்பில்லை.

வில்கீ விவரித்த அடைப்பை மெக்காரிசனின் எலிகளிடமும் புறாக்களிடமும் தேடுவதில் பொருளில்லை. மனிதன் நிமிர்ந்து நிற்பதால்தான் அந்தத் தமனி முதுகெலும்பை ஒட்டிச் செங்குத்தாக இறங்குகிறது. நாலு காலில் நடக்கும் உயிரில் குடல் முதுகெலும்பிலிருந்து விலகிக் கீழே தொங்குகிறது, நோயாளி குப்புறப் படுத்தால் வலி குறைவதும் இதே காரணத்தால்தான். குன்னூர் கொடுத்தது வேறொன்று. பட்டினி என்பது எடை குறைவதோடு நிற்பதில்லை, உணவை ஏற்கும் உறுப்பையே அது கெடுக்கிறது என்ற அறிவை அது கொடுத்தது. வில்கீ நோயாளிக்கு ஏன் குடலை மட்டும் பார்க்காமல் முழு உடலையும் தேற்ற வேண்டும் என்பதற்கான அடிப்படை இதில் இருக்கிறது.

இந்த ஆய்வு 1923இல் நிறுத்தப்பட்டது. முதல் உலகப் போருக்குப் பிந்திய சிக்கன நடவடிக்கையில் அரசாங்கம் பணத்தை வெட்டியது. இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் தொடங்கி, 1920களின் இறுதியில் 'நியூட்ரிஷன் ரிசர்ச் லேபரட்டரீஸ்' என்ற பெயரில் விரிந்தது.

இதற்குப் பின் செய்த எலிச் சோதனைதான் பலருக்கும் தெரிந்தது. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை இளம் எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவில் வளர்ந்த எலிகளின் சராசரி எடை 235 கிராம். சென்னை மாகாண ஏழைகளின் உணவில் வளர்ந்தவை 155 கிராம். நம்மவர் உணவு கடைசி இடத்தில் வந்ததைப் படிக்கும்போது இன்றும் மனம் சுருங்குகிறது. ஆனால் அது பொங்கல், கூட்டு, பொரியல், தயிர் என்று விரிந்த இலை அல்ல. ஆலையில் தீட்டிய அரிசிச் சோறும், கொஞ்சம் குழம்பும், பெயருக்குக் காய்கறியும், பால் இல்லாத நிலையும். அதை ஓர் இனத்தின் உணவு என்பதைவிட ஒரு வருமானத்தின் உணவு என்பதே பொருத்தம். மெக்காரிசன் அந்த வேறுபாட்டை வேண்டிய அளவுக்கு அழுத்திச் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் 1928இல் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்காக 'ஃபுட்' என்ற சிறு நூலையும் எழுதினார். 1935இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்று, 1960இல் காலமானார்.

அவருக்குப் பின் 1935இல் பொறுப்பேற்ற வாலஸ் அய்க்ராய்ட் கூண்டுகளிலிருந்து வெளியே வந்து வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் போனார். தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளின் ஊட்டநிலையை அளந்து 1936இல் வெளியிட்டார்கள். விடுதிப் பிள்ளைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பால்பொடியைக் கரைத்துக் கொடுத்து, அவர்கள் உயரமும் எடையும் கூடுவதைக் காட்டினார்கள். இந்திய உணவுப் பொருள்களின் சத்து மதிப்பைப் பட்டியலிட்ட 23ஆம் எண் சுகாதார வெளியீடு 1937இல் குன்னூரிலிருந்து வந்தது. இன்று நம் பாடநூல்களில் 'கேழ்வரகில் கால்சியம் இவ்வளவு' என்று வரும் அட்டவணைகளுக்கு மூதாதை அதுதான். ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்குப் போய், 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

நெய்யூரின் வயிறுகள்

மெலிந்த உடலும் சாப்பிட்ட பின் வாந்தியும் தென்னிந்திய மருத்துவர்களுக்கு அன்றே பழக்கமான காட்சி. ஆனால் அதற்கு அவர்கள் கண்ட காரணம் பெரும்பாலும் வேறு. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நெய்யூரில், அன்று திருவிதாங்கூர் அரசில் இருந்த லண்டன் மிஷன் மருத்துவமனையில், தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் அறுவை மருத்துவராக இருந்தார். 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுக்களில் இருந்தவர். லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு நெய்யூரில் தங்கியவர். முன்சிறுகுடல் புண்ணால் அவதிப்பட்ட ஏராளமான ஏழைகளுக்கு அவர் அறுவை செய்தார். புண் ஆறித் தழும்பாகிச் சுருங்கும்போது இரைப்பையின் வாய் அடைபட்டு, முதல் நாள் சாப்பிட்டது மறுநாள் வாந்தியாக வரும்.

குன்னூரிலும் இதை ஆராய்ந்தார்கள். மரவள்ளிக்கிழங்கை நம்பிய திருவிதாங்கூர் ஏழைகளின் உணவை எலிகளுக்குக் கொடுத்தபோது ஏறத்தாழ நூற்றில் 29 எலிகளின் வயிற்றில் புண் உண்டானது. சென்னை மாகாண உணவில் அது 11. சீக்கியர் உணவில் வளர்ந்தவற்றுக்கு இல்லை. முன்சிறுகுடல் புண்ணுக்கு ஹெலிகோபாக்டர் என்ற நுண்ணுயிரி முக்கியக் காரணம் என்பது 1980களில்தான் தெரியவந்தது.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பித்தநீர்க் குழாய் திறப்பது முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதியில். புண் தழும்பு அடைப்பது அதற்கு மேலே. அதனால் அந்த வாந்தியில் பித்தம் இராது. வில்கீ நோயில் அடைப்பு மூன்றாம் பகுதியில், பித்தக் குழாய்க்குக் கீழே. அதனால் வாந்தி பச்சை மஞ்சளாக வரும். ஸ்கேன் இல்லாத காலத்தில் வாந்தியின் நிறம் ஒன்றே அடைப்பு எந்த மட்டத்தில் என்று சொல்லக்கூடியதாக இருந்தது. வெறும் பித்த வாந்தி என்று வீட்டில் சுக்கும் சீரகமும் கொடுத்துச் சமாளிக்கிறோம். பெரும்பாலான சமயங்களில் அது சரிதான். எடை குறைந்துகொண்டே போகும் ஒருவருக்கு ஒவ்வொரு வேளையும் பித்த வாந்தி வந்தால் அது சீரகத்தோடு தீரும் விஷயம் அல்ல.

பஞ்சம் கற்றுத்தந்தது

1943 வங்கப் பஞ்சத்தை விசாரித்த ஆணையத்தில் குன்னூரின் அய்க்ராய்டும் ஓர் உறுப்பினர். இறந்தவர்கள் சுமார் 15 லட்சம் என்று அந்த ஆணையம் மதிப்பிட்டது. பின்வந்த ஆய்வாளர்கள் 30 லட்சம் வரை கணக்கிட்டுள்ளனர். கல்கத்தா மருத்துவமனைகளில் எலும்பும் தோலுமாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்கு உணவு கொடுத்தும் பலர் பிழைக்கவில்லை. குடலே உணவை ஏற்கும் நிலையில் இல்லாததால், செரித்த புரதக் கரைசலை இரத்தக் குழாய் வழியே ஏற்றிப் பார்த்தார்கள். அங்கே உருவான 'வங்கப் பஞ்சக் கலவை' என்ற பால்பொடி, மாவு, சர்க்கரைக் கரைசலை 1945 ஏப்ரலில் விடுவிக்கப்பட்ட ஜெர்மானியப் பெல்சன் முகாம் கைதிகளுக்கும் கொடுத்தார்கள். அளவு மீறிய இனிப்பு அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று நிறைய மாவுச்சத்துக் கொடுத்தால், இரத்தத்தில் உள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவை சட்டென்று செல்களுக்குள் இழுக்கப்பட்டு, இதயம் தடுமாறி உயிரே போகலாம். இதை மறு ஊட்ட நோய் என்று இன்று சொல்கிறோம். வில்கீ நோயாளியைத் தேற்றும்போது மருத்துவர் அஞ்சுவது இதைத்தான். "நல்லா சாப்பிடு, உடம்பு தேறும்" என்று ஒரே நாளில் ஊட்டித் தள்ளக் கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. குடல் அடைபட்டிருக்கிறது, உடலும் அதற்குத் தயாராக இல்லை.

கண்டறிதலும் மருத்துவமும்

முன்பு பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். முன்சிறுகுடலின் மேற்பகுதி விரிந்தும், நடுவில் கத்தியால் கோடு போட்டது போலக் கரைசல் நின்றும் காணப்பட்டால் ஐயம் வலுக்கும். இன்று இரத்தக் குழாய்களைக் காட்டும் சி.டி. ஸ்கேனில் கோணத்தையும் இடைவெளியையும் அளக்கலாம். கோணம் குறைந்த எல்லோருக்கும் நோய் இருப்பதில்லை. இயல்பாகவே மெலிந்தவர்களுக்கு அது சிறியதாக இருக்கலாம். அளவும் அறிகுறியும் சேர்ந்தால்தான் முடிவு. பேரியம் எக்ஸ்ரே எடுத்தவர்களில் இந்நோய் காணப்பட்டது 0.013 முதல் 0.3 விழுக்காடு வரைதான் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன.

காசநோய், புற்றுநோய், பெருந்தீக்காயம், தண்டுவடக் காயம், உணவை வெறுக்கும் மனநோயான அனோரெக்சியா ஆகியவை எடையை விரைவாகக் குறைத்து இந்த நோய்க்கு வழிவிடுபவை. எடை கூடாமல் உயரம் மட்டும் சட்டென்று வளரும் பதின்ம வயதினருக்கும் வரலாம்.

மருத்துவத்தில் முதற்படி மூக்கின் வழியே குழாய் செலுத்தி இரைப்பையில் தேங்கியதை வெளியேற்றுவது, உப்புச் சமநிலையைச் சரிசெய்வது. அடுத்து, அடைப்பைத் தாண்டி இடைச்சிறுகுடல் வரை மெல்லிய குழாயை இறக்கி அதன் வழியே சிறிது சிறிதாக உணவு செலுத்துவார்கள். முடியாவிட்டால் சிரை வழியே ஊட்டம். நாட்கள் அல்ல, வாரங்கள் ஆகும். எடை ஏற ஏறக் கொழுப்பு மெத்தை மீண்டும் படிந்து, இடுக்கு தானாகவே திறக்கிறது. கத்தியின்றிக் குணமாகும் குடலடைப்பு என்பது இந்நோயின் வியப்பான பக்கம். பலன் இல்லாவிட்டால்தான் அறுவை. முன்சிறுகுடலை மேலே இழுத்துக் கட்டியிருக்கும் தசைநாரை வெட்டிக் குடலைக் கீழே இறக்கும் முறையை 1958இல் ஸ்ட்ராங் விவரித்தார். பழைய புறவழி முறையை 1998 முதல் சிறுதுளை அறுவையாகவும் செய்கிறார்கள்.

மலையில் இன்று

நீலகிரியில் நூறாண்டுக்கு முன் மெலிவுக்குப் பெயர் பசி. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியையும் பிள்ளைக் காப்பகத்தையும் தோட்ட நிர்வாகங்களின் கடமையாக்கியது. 1964 இந்திய இலங்கை ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களுக்காக 1968இல் அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. கூடலூரில் பழங்குடியினருக்கான மருத்துவமனை 1990இல் உருவானது. 1982இன் சத்துணவும் 2022இன் காலை உணவும் பள்ளிப் பிள்ளைகளின் வயிற்றை ஓரளவு நிரப்பியிருக்கின்றன. வகுப்பில் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழும் பிள்ளைகள் நான் வேலைக்குச் சேர்ந்த ஆண்டுகளில் இருந்த அளவுக்கு ஓய்வு பெறும்போது இல்லை.

காசநோயாளிகளுக்கு ஊட்டத்துக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் மத்திய அரசு வழங்குகிறது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் உணவுப் பொட்டலம் கொடுத்துச் செய்த ஆய்வு 2023இல் வெளியானது. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசம் வருவது ஏறக்குறைய நாற்பது விழுக்காடு குறைந்தது. மருந்தோடு உணவையும் மருந்தாகக் கணக்கிடும் இந்தப் பார்வை குன்னூர் ஓர் அறையில் தொடங்கியதன் தொடர்ச்சிதான்.

தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டிலிருந்து ஒரு சி.டி. ஸ்கேன் எடுக்க முன்பெல்லாம் மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை போக வேண்டும். வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதையில் வாந்தி எடுப்பவரைப் பார்த்து "பஸ் ஒத்துக்கலை" என்று பக்கத்து இருக்கைக்காரர் எலுமிச்சம்பழம் நீட்டுவார். உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்து, 700 படுக்கைகள் கொண்ட அதன் மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது.